தூத்துக்குடி மக்ரூன்: சொல், பொருள், செய்முறை சொல்லும் வரலாறு

தூத்துக்குடி மக்ரூன் என்பது முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு ஆகிய மூன்றை மட்டுமே கொண்டு செய்யப்படும் இனிப்புப் பண்டம். அடி அகன்று, நுனி கூர்ந்து, சிறு கூம்பு போல இருக்கும். நிறம் வெண்மை அல்லது இளம் பழுப்பு. வாயில் இட்டதும் மேற்புறம் பொடியும். உட்புறம் சற்றே ஒட்டிக் கரையும். மைதா, நெய், பால், எண்ணெய் எதுவும் இதில் சேர்வதில்லை. திருநெல்வேலிக்கு அல்வா, திருவில்லிப்புத்தூருக்குப் பால்கோவா, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய் என்பது போலத் தூத்துக்குடிக்கு மக்ரூன். ஊருக்கு வந்து திரும்புவோர் கையில் ஒரு பொட்டலமாவது இருக்கும்.

"மக்ரூன் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது" என்று பலரும் சொல்வார்கள். முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர் நெடுங்காலம் இருந்ததால் இக்கூற்று எளிதில் நம்பப்படுகிறது. ஆனால் ஒரு பண்டத்தின் வரலாற்றைச் செவிவழிச் செய்தியைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய முடியாது. அதன் பெயர், அதில் சேரும் பொருள்கள், அதைச் செய்யும் முறை ஆகிய மூன்றும் தனித்தனிச் சான்றுகள். மக்ரூனைப் பொறுத்தவரை இம்மூன்றும் மூன்று வெவ்வேறு காலங்களைக் காட்டுகின்றன.

ஐரோப்பாவில் மக்ரூன்

மக்ரூனின் மூதாதை இத்தாலிய நாட்டு வாதுமைப் பண்டம். வாதுமைப் பருப்பை இடித்து, சீனியும் வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுடுவது அதன் அடிப்படை. 'இடித்தல், நசுக்குதல்' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது என்பது பெரும்பான்மைக் கருத்து. 1533இல் பிரெஞ்சு இளவரசரை மணந்த இத்தாலியப் பெண் கத்தரீன் தெ மெதிசி தம் சமையற்காரர்கள் மூலம் இதைப் பிரான்சுக்குக் கொண்டுசென்றார் என்றொரு கதை உண்டு. இதற்குச் சமகாலச் சான்று கிடையாது. பிற்காலத்தார் கட்டிய கதை என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டுச் சமையல் நூல்களிலேயே வாதுமையும் பன்னீரும் சேர்ந்த மக்ரூன் இடம்பெற்றுவிட்டது.

இன்று பாரிஸ் நகரின் பெயரால் விற்கப்படும் பல வண்ண மக்ரோன் வேறு வகையானது. இரண்டு வில்லைகளுக்கு நடுவே கிரீம் வைத்து ஒட்டப்படும் அது 20ஆம் நூற்றாண்டில் பரவிய வடிவம். தூத்துக்குடி மக்ரூன் அதன் நகல் அன்று. பழைய, ஒற்றை வடிவ வாதுமைப் பண்டமே இதற்கு நெருங்கிய உறவு.

கடற்கரையும் அதை ஆண்டவர்களும்

1530களில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறையில் கால் பதித்தனர். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் இக்கரைப் பரதவர் பெருந்தொகையாகக் கிறித்தவத்தைத் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வேம்பாறு முதலிய ஊர்களில் கோயில்களும் பண்டகசாலைகளும் எழுந்தன. இவற்றுள் வேம்பாறு இன்றைய விளாத்திகுளம் வட்டத்தைச் சேர்ந்தது.

1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. இடையில் சில காலம் ஆங்கிலேயர் கைப்பற்றுவதும் திருப்பித் தருவதுமாக இருந்து, 1825இல் அது நிலையாக ஆங்கிலேயர் வசமானது. 1870களில் தொடர்வண்டிப் பாதை வந்தது. கொழும்புக்குச் செல்வோர் தூத்துக்குடியில் இறங்கிக் கப்பல் ஏறினர். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி வழியும் திறக்கும் வரை இலங்கைப் பயணத்தின் முதன்மை வாயில் தூத்துக்குடியே. பஞ்சாலை, பஞ்சு ஏற்றுமதி, கப்பல் முகவர் நிலையங்கள் என ஆங்கிலேயரின் தொழில்கள் பெருகின. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியதும், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும் இந்தப் பின்னணியில்தான்.

ஆக மூன்று ஐரோப்பிய இனத்தார் சுமார் நானூறு ஆண்டுகள் இக்கரையில் இருந்திருக்கிறார்கள். இவர்களில் எவர் காலத்துப் பண்டம் மக்ரூன்?

சொல் தரும் சான்று

போர்த்துக்கீசியர் தந்த பொருள்களுக்குத் தமிழில் போர்த்துக்கீசியப் பெயர்களே நிலைத்துள்ளன. சாவி, சன்னல், அலமாரி, பீப்பாய், அன்னாசி, கொய்யா ஆகியவை சில எடுத்துக்காட்டுகள். அடுமனைப் பண்டங்களிலும் இதைக் காணலாம். நம் பெரியவர்கள் சொல்லும் 'பிஸ்கோத்து' போர்த்துக்கீசியச் சொல். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பதும் அம்மொழிச் சொல்லே.

'மக்ரூன்' இந்த வரிசையில் சேரவில்லை. போர்த்துக்கீசிய மொழியில் இதே வேரில் பிறந்த 'மக்கர்ராவ்' என்ற சொல் மாவுக் குழல் உணவைக் குறிக்கும், இனிப்பைக் குறிப்பதன்று. ஒல்லாந்த மொழியில் 'மக்ரோன்' என்ற வடிவம் உண்டு. ஆனால் தமிழில் வழங்குவது 'ரோ' அன்று, 'ரூ'. அந்த நெடில் ஓசை ஆங்கிலச் சொல்லோடுதான் பொருந்துகிறது. கேக், பன், பேக்கரி ஆகிய சொற்களும் ஆங்கிலம் வழியே வந்தவை. எனவே பெயர் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

பொருள் தரும் சான்று

பெயர் ஆங்கிலேயர் காலத்தது என்றால், உள்ளே இருக்கும் பருப்பு அதற்கு முந்நூறு ஆண்டு முந்தைய கதையைச் சொல்கிறது. முந்திரி மரத்தின் தாயகம் பிரேசிலின் வடகிழக்குப் பகுதி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். 1578இல் வெளியான தம் நூலில் கிறிஸ்டோவாவ் டா கோஸ்டா என்னும் மருத்துவர் கொச்சியில் இம்மரம் வளர்ந்ததைக் குறித்திருக்கிறார்.

பெயர்களே இம்மரத்தின் வரவைக் காட்டுகின்றன. மலையாளத்தில் இதற்குப் 'பறங்கிமாவு' என்றொரு பெயர் உண்டு. பறங்கியர் தந்த மாமரம் என்பது பொருள். தமிழில் 'முந்திரிகை' என்பது முதலில் திராட்சையைக் குறித்த சொல். புதிய மரம் வந்தபின் அப்பெயர் இதன்மேல் ஏறியது. திராட்சை 'கொடிமுந்திரி' ஆனது. தென்மாவட்டங்களில் கொல்லாமரம், கொல்லாம்பழம், அண்டிப்பருப்பு என்ற பெயர்களும் வழங்குகின்றன.

வாதுமை தென்னிந்தியாவில் விளையாது. அது மேற்காசியாவிலிருந்து வணிகர் கொண்டுவர வேண்டிய, விலை மிகுந்த பருப்பு. முந்திரியோ மணற்பாங்கான நிலத்தில், குறைந்த நீரில் வளரும். கொல்லம் பகுதியில் முந்திரிப் பருப்பு உடைக்கும் ஆலைகள் 1920களில் தொடங்கிப் பெருகின. கன்னியாகுமரி மாவட்டத்திலும் இத்தொழில் வேரூன்றியது. இங்கு ஒரு பொருளியல் உண்மையைக் கவனிக்க வேண்டும். முழுப் பருப்பு ஏற்றுமதிக்குப் போகும். உடைந்த பருப்புக்கு விலை குறைவு. மக்ரூனுக்குப் பருப்பைப் பொடிக்கத்தான் போகிறோம், உடைந்ததே போதும்.

வாதுமைக்குப் பதில் முந்திரி என்ற மாற்றம் தூத்துக்குடியில் மட்டும் நடந்ததன்று. கோவாவிலும் மும்பையிலும் கிறித்தவர்கள் கிறிஸ்துமசுக்குச் செய்யும் மார்சிபான் ஐரோப்பாவில் வாதுமையால் ஆனது. இங்கே முந்திரியால் ஆனது. இலங்கையின் 'லவ் கேக்' ரவையும் முந்திரியும் சேர்ந்தது. ஐரோப்பியரின் இனிப்புகள் இந்தக் கரைகளில் எங்கெங்கு இறங்கினவோ அங்கெல்லாம் வாதுமையின் இடத்தை முந்திரி எடுத்துக்கொண்டது.

செய்முறை தரும் சான்று

மூன்றாவது சான்று முட்டை. போர்த்துக்கல் நாட்டின் புகழ்பெற்ற மடத்து இனிப்புகள் பெரும்பாலும் மஞ்சள்கருவால் ஆனவை. துணிகளுக்குக் கஞ்சி போடவும், திராட்சை மதுவைத் தெளிய வைக்கவும் வெள்ளைக்கரு செலவானதால் மிஞ்சிய மஞ்சள்கரு இனிப்புக்கு வந்தது என்பர். கோவாவின் பெபிங்கா மஞ்சள்கருப் பண்டம். இலங்கையின் லவ் கேக்கிலும் மஞ்சள்கருவே மிகுதி. தூத்துக்குடி மக்ரூனில் அது ஒரு துளியும் இல்லை.

வெள்ளைக்கருவை அடித்துச் செய்யும் இனிப்பே போர்த்துக்கீசியரிடம் இல்லை என்பதன்று இதன் பொருள். அவர்களிடம் 'சுஸ்பீரோ' என்ற அத்தகைய இனிப்பு உண்டு. ஆனால் வெள்ளைக்கருவோடு பருப்புப் பொடியைச் சேர்த்து, அதற்கு மக்ரூன் என்று பெயரும் இட்டு வழங்கும் மரபு இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து வழி வந்தது.

ஐரோப்பிய அடுமனைக் கலை இந்தியர் கைக்கு வந்தது பெரும்பாலும் வெள்ளையர் வீட்டுச் சமையலறை வழியாகவும், அவர்களுக்காக நடந்த ரொட்டிக் கடைகள் வழியாகவும்தான். இதற்குப் பக்கத்து மாநிலத்தில் பதிவான எடுத்துக்காட்டு தலைச்சேரி. பர்மாவில் தொழில் கற்றுத் திரும்பிய மாம்பள்ளி பாப்பு அங்கே 1880இல் பிஸ்கட் தொழிலகம் தொடங்கினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலத் தோட்ட முதலாளி தாம் கொண்டுவந்த கேக்கைக் காட்டி, அதுபோலச் செய்யச் சொன்னார் என்பது புகழ்பெற்ற செய்தி. பாப்பு உள்ளூரில் கிடைத்த பொருள்களைக் கலந்து கேக் செய்தார். மாதிரியைக் கொடுத்தவர் வெள்ளையர்; அதை உள்ளூர்ப் பொருளால் வேறொன்றாக்கியவர் இந்தியத் தொழிலாளி. தூத்துக்குடி மக்ரூனும் இதே வழியில் உருவானதென்று கருத இடமுண்டு.

மூன்று சான்றுகளையும் சேர்த்துப் பார்ப்போம். பருப்பு போர்த்துக்கீசியர் காலத்துக் கொடை. பெயரும் செய்முறையும் ஆங்கிலேயர் காலத்தவை. இரண்டையும் இணைத்துக் கடைப் பண்டமாக்கியது தூத்துக்குடி அடுமனைத் தொழிலாளரின் கை. "போர்த்துக்கீசியர் தந்தது" என்ற ஒற்றை வாக்கியம் மூன்றாமவரை முழுதாக மறைத்துவிடுகிறது.

ஹங்கேரியின் கிஃப்லி: ஓர் ஒப்பீடு

பருப்பும் சீனியும் முட்டையும் சேரும் பண்டங்கள் உலகில் பல. ஹங்கேரி நாட்டின் 'கிஃப்லி' அவற்றுள் ஒன்று. மைதாவில் வெண்ணெயும் புளித்த பாலேடும் சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, உள்ளே அக்ரூட் பருப்புப் பொடியும் சீனியும் வைத்துச் சுருட்டி, பிறை வடிவில் வளைத்துச் சுடுவார்கள். கிறிஸ்துமசுக்கு வீட்டுப் பெண்கள் கூடியிருந்து நூற்றுக்கணக்கில் செய்வது வழக்கம். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஹங்கேரியரும் இதை விடவில்லை. சில குடும்பங்களில் மஞ்சள்கருவை மாவிலும், அடித்த வெள்ளைக்கருவை அக்ரூட் பொடியோடு பூரணத்திலும் சேர்ப்பார்கள். அந்தப் பூரணம் ஏறக்குறைய நம் மக்ரூன் கலவையே. முந்திரி இருக்க வேண்டிய இடத்தில் அக்ரூட் இருக்கிறது.

கிஃப்லிக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. 1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றபோது, அவர்கள் கொடியின் பிறையைக் கேலி செய்யவே ரொட்டிக்காரர்கள் பிறை வடிவில் சுட்டார்கள் என்பது அக்கதை. ஆனால் ஆஸ்திரியாவில் இப்பண்டத்தின் பெயர் அம்முற்றுகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வழங்கியிருக்கிறது. ஒரு சொல்லின் பழைய வழக்கு ஒரு கதையைத் தள்ளிவிடுகிறது. மக்ரூன் பற்றிய கூற்றையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும்.

கடற்கரையும் கரிசலும்

தூத்துக்குடி மாவட்டத்துக்கு இரண்டு பருப்பு இனிப்புகள் உண்டு. கடற்கரையில் முந்திரி மக்ரூன். உள்ளே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சூழ்ந்த கரிசல் காட்டில் கடலைமிட்டாய். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது.

இரண்டும் வேறுபட்டவை போலத் தோன்றினாலும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. முந்திரியைப் போலவே நிலக்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்த பருப்பு கரிசலில் வெல்லப்பாகோடு சேர்ந்தது. கரையில் சீனியோடும் முட்டையோடும் சேர்ந்தது. கரிசலின் பண்டத்துக்கு அடுப்பும் இரும்புச் சட்டியும் போதும். கரையின் பண்டத்துக்கு மூடிய சூட்டடுப்பு வேண்டும். வேம்பாற்றில் தரமான கருப்பட்டி கிடைத்தும் மக்ரூனுக்குச் சீனியே பயன்பட்டதற்குக் காரணம் உண்டு. கருப்பட்டியில் ஈரம் மிகுதி; நுரை எளிதில் தளர்ந்துவிடும்.

செய்முறையும் அதன் அறிவியலும்

வெள்ளைக்கருவில் சுமார் 90 விழுக்காடு நீர், 10 விழுக்காடு புரதம். அடிக்கும்போது புரத இழைகள் விரிந்து காற்றுக் குமிழ்களைச் சுற்றிச் சுவர் போல நிற்கின்றன. கரு ஆறு முதல் எட்டு மடங்கு வரை பொங்கும். மஞ்சள்கருவின் கொழுப்போ பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கோ சற்றே சேர்ந்தாலும் நுரை எழாது. முன்பு அடுமனைகளில் பெரிய பாத்திரத்தில் கையாலேயே அடிப்பார்கள். இப்போது இயந்திரம் அடிக்கிறது.

வீட்டில் சிறு அளவில் செய்து பார்க்க விரும்புவோருக்கான அளவு: வெள்ளைக்கரு 2, பொடித்த சீனி 120 கிராம், முந்திரி 100 கிராம்.

1. முந்திரியை வெயிலிலோ மிதமான சூட்டிலோ ஈரம் போக உலர்த்தி, நன்கு ஆறவிடவும். மிக்சியில் விட்டுவிட்டுச் சுற்றிப் பொடிக்கவும். முந்திரியின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கொழுப்பு. தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும்.
2. குளிர்ச்சியற்ற வெள்ளைக்கருவை உலர்ந்த பாத்திரத்தில் நுரை வரும்வரை அடிக்கவும். பிறகு சீனியைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடிக்கவும். கரண்டியைத் தூக்கினால் நுனி சாயாமல் நிற்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் கலவை விழக்கூடாது.
3. முந்திரிப் பொடியைத் தூவி, அடியிலிருந்து மேலாக மெல்லப் புரட்டிக் கலக்கவும். வேகமாகக் கலக்கினால் பருப்பின் கொழுப்பு நுரையை உடைத்துவிடும்.
4. தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதில் கலவையை நிரப்பி, தட்டில் விரித்த தாளின்மேல் சுருள் சுருளாகப் பிழியவும்.
5. சூட்டடுப்பில் 110 முதல் 120 பாகை செல்சியசில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைக்கவும். பின் அடுப்பை அணைத்து, உள்ளேயே ஆறவிடவும்.

மக்ரூனை வேகவைப்பதைவிட உலர்த்துவதே முதன்மை. விறகடுப்பு அடுமனையில் ரொட்டி சுட்டு முடிந்தபின் தணிந்து நிற்கும் சூடு இதற்குப் பொருத்தமானது. கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி அதற்குள் கேக் சுடும் முறை நம் வீடுகளில் உண்டு. அதில் சூடு மிகுதியாக ஏறுவதால் மக்ரூனின் அடி சிவந்து உள் ஈரம் நிற்கும். தீயை மிகக் குறைத்து வைக்க வேண்டும். சீனி காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் ஆறியவுடன் மூடி இறுக்கமான டப்பாவில் போட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாலே மக்ரூன் பிசுபிசுத்துவிடும். எஞ்சும் மஞ்சள்கரு கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் பயன்படும்.

மக்ரூன் வரலாற்றில் எழுதப்படாத பக்கம்

மக்ரூனில் மறைந்துகொள்ள இடமில்லை. மூன்றே பொருள் என்பதால் ஒன்றின் தரம் குறைந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். முந்திரி விலை ஏறும்போது நிலக்கடலையோ மாவோ கலக்கும் எண்ணம் எழுவது இயல்பு. அப்படிச் செய்த பண்டம் இனிப்பாக இருக்கலாம். ஆனால் அது தூத்துக்குடி மக்ரூன் ஆகாது. வாதுமையை விட்டு முந்திரிக்கு மாறியதும் ஒரு மாற்றம்தானே என்று கேட்கலாம். அந்த மாற்றம் இந்த மண்ணில் கிடைத்த பொருளைக் கொண்டு பண்டத்துக்குத் தனி அடையாளம் தந்தது. கலப்படம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அடையாளத்தை எடுத்துவிடுகிறது.

கடலோர நாடுகளை ஆண்ட கவர்னர்களின் பெயர்கள் பாடநூலில் உள்ளன. அவர்கள் வீட்டு அடுப்படியில் முட்டை அடித்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் அவர்களிடம் தொழில் கற்றவர்களின் வழிவந்தோர் இன்றும் நம் ஊர்களில் அடுமனைகளில் வேலை செய்கிறார்கள். எந்த விறகு, எந்தச் சூடு, யாரிடம் கற்றது, பருப்பு எங்கிருந்து வந்தது, இயந்திரம் எந்த ஆண்டு வந்தது என்று கேட்டால் சொல்வார்கள். வரலாறு படிக்கும் மாணவர்கள் ஒரு விடுமுறையில் தம் ஊர் அடுமனை ஒன்றுக்குச் சென்று இவற்றை எழுதி வைக்கலாம். கடலைமிட்டாய்க் கடையானாலும் மக்ரூன் கடையானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.